பெதும்பைக்கும் விடலைக்கும் ஒரு நூல்வரிசை

மனிதப் பருவங்களைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை எனத் தொடங்கி ஏழாக வகுத்தனர். உலா நூல்கள் அவ்வேழு பருவத்தாரையும் தனித்தனியே நிறுத்திப் பாடின. இளமை முறுக்கேறிய ஆண்மகனை விடலை என்றனர். குழந்தையும் அல்லாத, முதிர்ந்தவரும் அல்லாத ஓர் இடைப்பருவம் உண்டு என்பதையும், அதற்கெனத் தனி நாணமும் தனிச் சினமும் உண்டு என்பதையும் தமிழ் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. அத்தகைய தமிழில் இன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு புதினம் வேண்டும் என்று புத்தகக் கடையில் கேட்டால், பெரும்பாலும் சிறுவர் கதைத் தட்டைக் காட்டுவார்கள். இல்லையேல் பெரியவர்களின் நாவல் தட்டைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே தட்டு இல்லை.

தட்டுத்தான் இல்லையே தவிர, நூல்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் சிலவற்றை எடுத்துக்காட்டி, எது எதற்காகச் சிறந்தது, எங்கே குறைவுபடுகிறது என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பிள்ளைகளின் நிலை

வாளையாரிலும் கஞ்சிக்கோட்டிலும் சித்தூர்ப் பக்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். பள்ளியில் மலையாளம், தேர்வுக்கு ஆங்கிலம், வீட்டில் தமிழ். தமிழ்வழிப் பள்ளிகள் பாலக்காட்டிலும் தேவிகுளம், பீர்மேட்டுப் பகுதிகளிலும் உள்ளன. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் அங்கே செல்வதில்லை. 2017இல் கேரள அரசு பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிற்று. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது பேறே ஆகும். அதில் நமக்கு வருத்தம் இல்லை. நம் வருத்தம் வேறு. பத்து வயதுவரை அம்மாவிடம் தமிழில் கதை கேட்ட பிள்ளை, பன்னிரண்டு வயதில் தமிழை விட்டுவிடுகிறது. அதன்பின் தமிழ் என்பது சோறு கேட்கவும், ஊருக்குத் தொலைபேசியில் பேசவும் மட்டுமே பயன்படும் மொழியாகச் சுருங்கிவிடுகிறது. காதல், அவமானம், சாவு, நீதி ஆகியவற்றைப் பற்றி எந்த மொழியில் முதன்முதலாக ஒருவன் எண்ணுகிறானோ, அந்த மொழியே அவனுடைய மொழி. அவ்வெண்ணங்கள் பிறக்கும் வயது பன்னிரண்டிலிருந்து பதினெட்டு. அந்த ஆறு ஆண்டுகளில் தமிழில் படிக்கத் தக்க ஒரு புதினம் கையில் இல்லையென்றால், பின்னர் எத்தனை விழா எடுத்தும் பயனில்லை.

நம் தலைமுறைக்கு இக்குறை இவ்வளவு தெரியவில்லை. கோகுலமும் பூந்தளிரும் அம்புலிமாமாவும் வந்தன. லயன், முத்து, ராணி காமிக்ஸ் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. அங்கிருந்து கல்கியின் ‘பார்த்திபன் கன’வுக்கும் ‘பொன்னியின் செல்வ’னுக்கும் தாமாகவே ஏறிச் சென்றோம். அந்தப் படிக்கட்டு இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே நாமே அமைத்துத் தரவேண்டியிருக்கிறது.

உரைகல் எது?

மேலைநாட்டில் இவ்வகை எழுத்துக்குத் தனித் தட்டு ஏற்பட வழிகோலிய நூல்களுள் ஒன்று 1967இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’. அதை எழுதிய எஸ். இ. ஹிண்டன் என்னும் அமெரிக்கப் பெண்ணுக்கு அப்போது வயது பதினெட்டு. அந்நூல் இளைஞரைப் பற்றிப் பெரியவர் செய்த உபதேசமாக அமையவில்லை. இளைஞரின் கண்ணாலேயே உலகைப் பார்த்தது. இவ்வகைப் புதினத்துக்கு உரைகல் இதுவே என்பது நம் கருத்து. படிக்கும் பிள்ளையை நூல் நம்புகிறதா? கடினமான உண்மையைத் தாங்குவான் என்று மதித்துச் சொல்லுகிறதா? அல்லது கடைசிப் பக்கத்தில் ஒரு நீதியைக் கையில் திணித்து அனுப்புகிறதா? நம் சிறுவர் இலக்கியத்தில் பெரும்பகுதி இக்கடைசிக் குறையால் மெலிந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை உபதேசத்தின் வாடையைத் தொலைவிலேயே அறிந்துகொள்ளும். அறிந்தவுடன் நூலை மூடிவிடும்.

துணிவும் தேடலும்

தொடக்கத்துக்கு ஏற்றவர் பெ. தூரன். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மையாசிரியர். கொங்கு மண்ணில் பிறந்தவர். அத்தகைய பேரறிஞர் ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘மாயக்கள்ளன்’, ‘சூரப்புலி’ போன்ற சிறுவர் நாவல்களையும் எழுதினார் என்பதே பெருமைக்குரியது. நடை எளியது, கதை ஓட்டம் விரைவானது. பெரியவர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திராமல் பிள்ளைகள் தாமே துணிந்து இறங்குவது இவற்றின் சிறப்பு. நல்லவன் முற்றிலும் நல்லவன், தீயவன் முற்றிலும் தீயவன் என்பது குறை. எனவே பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு இவை பொருந்தும், அதற்குமேல் போதா. தமிழ் விக்கிமூலத்தில் இவர் நூல்கள் படிக்கக் கிடைக்கின்றன.

அடுத்த படி ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயத்தின் பனியில் காணப்பட்ட காலடித் தடத்தைத் தேடி இராணுவ அதிகாரி பாண்டியனும், டாக்டர் திவாகரும், கிம் என்னும் சிறுவனும் செல்கிறார்கள். வெளியே சாகசம், உள்ளே, மனிதன் எங்கிருந்து வந்தான், அறிவு வளர்ந்தபோது அவன் எதை இழந்தான் என்னும் கேள்விகள். பாத்திரங்கள் பேசும் இடங்களில் சில பக்கங்கள் வகுப்பறையாகிவிடுகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அறிவியலையும் ஆன்மிகத்தையும் ஒருசேரச் சிறுவர்முன் வைத்து, முடிவை நீயே எண்ணிக்கொள் என்று விடும் துணிவு பாராட்டத்தக்கது.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இளையோர் நாவல். இக்காலச் சிறுவன் ஒருவன் கீழடியில் ஒரு பொம்மையின் வழியாகப் பழங்காலத்து ஆதனைச் சந்திக்கிறான். கீழடியின் பானையோடுகளில் ஆதன் என்னும் பெயர் தமிழி எழுத்தில் கிடைத்திருப்பதும், அவ்வூரின் தொன்மை கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை செல்லும் எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்ததும் நாம் அறிந்தவை. செய்தித்தாளில் வறண்டு கிடந்த செய்தி இங்கே இரு சிறுவர்களின் நட்பாக மாறுகிறது. செய்தி சொல்லும் ஆவல் சில இடங்களில் கதையை முந்திக்கொண்டாலும், தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிமுகம் எளிதில் வாய்க்காது.

சொல்லத் தயங்கும் செய்தி

வாளையாரின் பெயர் 2017இல் நாடெங்கும் பேசப்பட்டது. இரு சிறுமியரின் மரணம் பற்றிய அவ்வழக்கை ஈண்டு விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. ஆனால், பெண்பிள்ளைக்கு எதைப் படிக்கத் தருவது என்னும் கேள்வியை அதன்பின் இவ்வூர்ப் பெற்றோர் எவரும் வெறும் இரசனைக் கேள்வியாகக் கருத இயலாது.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார்) இவ்விடத்தில் நமக்குத் துணையாகிறது. நம் பாட்டிமார் வீட்டில் இருந்த மரப்பாச்சிப் பொம்மை இங்கே பேசுகிறது. தகாத தொடுதலுக்கு ஆளாகும் சிறுமி, நடந்ததை வாய்திறந்து சொல்லும் துணிவைப் பெறுகிறாள். இந்நூலில் அறிவுரை வெளிப்படையாகவே இருக்கிறது. மேலே சொன்ன உரைகல்லில் உரசினால் சற்று மாற்றுக் குறையும். என்றாலும், இதுபற்றிய சொற்களே வழங்காத வீடுகளுக்கு முதலில் சொற்கள் வேண்டும். அவற்றை அச்சமூட்டாமல், குற்றம் குழந்தையினுடையது அன்று என்பதை ஐயமற நிறுவி இந்நூல் தருகிறது. “இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா?” என்று தயங்குவோர் உண்டு. பேசாமையால் காக்கப்பட்ட குழந்தை எது என்று அவர்களையே எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். இந்நூலைப் பெண்பிள்ளைக்கு மட்டுமன்றி ஆண்பிள்ளைக்கும் தருதல் வேண்டும்.

பெரியோர் தட்டிலிருந்து சில

இளையோருக்கென எழுதப்படாத சில நூல்கள் இளையோருக்கே மிகப் பொருந்துகின்றன. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ அவற்றுள் ஒன்று. வெங்கடேசு என்னும் கரிசல்காட்டுச் சிறுவன் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரிகிறான். அவன் அறிவு பள்ளியில் பெற்றதன்று; காட்டில் பெற்றது. சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) ஒரே அமர்வில் படிக்கக்கூடியது. தந்தையின் உயிரைக் கொண்டுபோன காரி என்னும் காளையை அடக்க வந்த பிச்சியின் கதை. மதுரைப் பக்கத்துப் பேச்சுவழக்கு முதலில் தடுக்கும்; உரக்கப் படித்தால் வழிவிடும். வீரம் என்று நாம் கொண்டாடுவதன் விலை என்ன என்பதை ஒரு வரி விளக்கமும் இன்றி உணர்த்தும் நூல்.

இவ்வரிசை முழுவதிலும் ஒரே நூலைத் தேர்க என்றால், பெருமாள்முருகனின் ‘கூளமாதா’ரியையே நாம் சொல்வோம். கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்னும் சக்கிலியச் சிறுவனும், அவனைப் போன்றே பண்ணையங்களுக்கு விடப்பட்ட தோழர்களும் மேய்ச்சல் காட்டில் வாழும் வாழ்வு இது. பசி உண்டு, அடி உண்டு. அதே காட்டில் விளையாட்டும் உண்டு, சிரிப்பும் உண்டு. பண்ணையக்காரரின் மகன் செல்வனும் கூளையனும் நண்பர்கள். காட்டில் அவர்கள் நண்பர்கள். வீட்டு வாசலில் ஒருவன் எசமான், மற்றவன் ஆள். இவ்விரண்டும் எவ்வளவு காலம் ஒன்றாக இருக்கமுடியும் என்பதே நாவல். தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடும் இடத்தைப் படித்தபின், சாதி என்பது பாடப்புத்தகச் சொல்லாக ஒருபோதும் தோன்றாது. ஆசிரியர் எங்கும் கண்ணீர் கேட்பதில்லை, எவரையும் அரக்கனாக்குவதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை இதைத் தாங்குமா என்று கேட்கலாம். கூளையன் அதைவிட இளையவன், அவன் தாங்கவேண்டியிருந்தது.

நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பேறும் உண்டு. கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த நம் வீடுகளில் புழங்கும் கொங்குப் பேச்சே இதன் மொழி. அம்மாவும் அப்பத்தாவும் பேசும் சொற்களை அச்சில் காணும் பிள்ளை, தன் வீட்டுத் தமிழ் கொச்சையன்று, இலக்கியம் ஆகக்கூடியது என்று அறிகிறது. அவ்வறிவு எந்த மொழிப்பற்று உரையாலும் கிட்டாதது.

மலையும் கணவாயும்

மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் உறவினர் பிள்ளைகள் பதினாறு வயதில் படிக்கவேண்டியது ‘எரியும் பனிக்காடு’. தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நூலை இரா. முருகவேள் தமிழாக்கினார். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். கடன் அவர்களை இறங்கவிடுவதில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு புதைந்ததை நாம் மறக்கவில்லை. அக்குடியிருப்புகள் எவ்வாறு எழுந்தன, அங்கே எவர் எவ்வாறு கொண்டுவரப்பட்டனர் என்பதை அறிய இந்நூல் உதவும். கலைநுட்பத்தில் ‘கூளமாதா’ரிக்கு நிகரன்று; சான்று என்ற முறையில் ஈடற்றது.

இறுதியாக, நம் பக்கத்து ஊர் நாவல் ஒன்று. பாலக்காட்டை அடுத்த தஸ்ராக்கைக் களமாகக் கொண்டு ஓ. வி. விஜயன் எழுதி 1969இல் நூலான ‘கசாக்கின் இதிகாச’த்தை யூமா வாசுகி தமிழில் தந்தார், மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குக் கிடைத்தது. ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ரவியின் கதை. முதிர்ந்த செய்திகள் உள்ளமையால் பதினெட்டு வயதுக்குமுன் தரவேண்டா. ஆனால் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, மலையாள மூலத்தையும் தமிழ் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இரு மொழிகளும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கே வாய்த்த செல்வம் அது.

பெற்றோருக்கு ஒரு சொல்

நூலை வாங்கிக் கொடுத்துவிட்டு, “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்காதீர்கள். அக்கேள்வி புதினத்தைப் பாடமாக்கிவிடும். முதலில் நீங்கள் படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு அத்தியாயங்களை இரவில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவதை அதுவே கேட்டு வாங்கும். விலை கருதி எல்லா நூல்களையும் ஒரு குடும்பமே வாங்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒன்றாக வாங்கிச் சங்கத்தில் ஓர் அலமாரி வைத்தால் ஆண்டு முழுதும் சுழலும்.

ஒரு தலைமுறை மொழியை இழப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று; படிக்காமல் விட்ட நூல்களால் சிறிது சிறிதாக நிகழ்வது. மீட்பதும் அவ்வாறே, ஒவ்வொரு நூலாக. இக்கோடை விடுமுறையில் வீட்டுக்கு ஒரு புதினமேனும் நுழையட்டும்.