முதுகில் ஒட்டிய சீட்டு

கல்லூரி நூலகத்தில் எனக்கு மிகப் பிடித்த பொருள், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சீட்டுதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் 894.8111 என்றிருந்தால் தமிழ்க் கவிதை. கடைசி எண் 3 ஆனால் தமிழ்ப் புனைகதை. ஓர் இலக்கம் மாறினால் அலமாரியே மாறிவிடும்.

அதைவிட அழகு, காலையில் நூலகர் அடுக்கைச் சரிபார்ப்பது. விரல் முதுகுகளின் மேல் ஓடும், உதடு எண்களை முணுமுணுக்கும், சட்டென்று நிற்கும். தசமப் புள்ளியைக் கவனிக்காமல் யாரோ 519.12-க்கு முன்னால் 519.2-ஐச் செருகியிருப்பார்கள். அதை எடுத்து உரிய இடத்தில் வைத்து, வரிசையை விளிம்புவரை இழுத்துவிட்டு நகர்வார். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான், கணினி 'உள்ளது' என்று காட்டினாலும்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலாக வந்த அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. காலையில் முதுகுகளின் மேல் ஓடும் அந்த விரல் செய்வதும் அதைத்தான். எவ்வளவு பொறுமையான வேலை!

படித்து முடித்த புத்தகத்தை நீங்களே அடுக்கில் செருகாதீர்கள். மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள், நூலகர் பார்த்துக்கொள்வார்.