சோழமண்டலக் கரையின் பழைய அலைப்படங்கள்: படக்குறிப்பும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அலைச்சறுக்கு விளையாட்டின் வரலாற்றைப் பாதுகாக்கும் முயற்சிகளில் பழைய ஒளிப்படங்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. சோழமண்டலக் கரையில் உடையும் அலையைக் கடந்தவர்களின் படங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. எனினும் அவற்றின் குறிப்புகள் படகின் வகையைச் சொல்கின்றன; படகில் இருப்பவரைச் சொல்வதில்லை. இப்படங்களை ‘தமிழரின் அலைச்சறுக்கு’ என்று உரிமை கொண்டாடுவதும், அலைச்சறுக்கு வரலாற்றுக்குத் தொடர்பற்றவை என்று ஒதுக்குவதும் ஒருசேரப் பிழை என்பதையும், படத்தாளோடு படக்குறிப்பையும் செம்மைப்படுத்துவதே முழுமையான பாதுகாப்பு என்பதையும் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அலைப்படம், மசூலாப் படகு, கட்டுமரம், படக்குறிப்பு, பழவேற்காடு, கோட்டைக்குப்பம்.

முன்னுரை

கரையில் உடைந்து நுரைக்கும் அலையைக் குறிக்கும் ‘சர்ஃப்’ என்னும் ஆங்கிலச் சொல் 1680களில் பதிவு பெறுகிறது. தொடக்கத்தில் அது இந்தியக் கடற்கரையைப் பற்றிய எழுத்துகளில் வழங்கியது என்று சொற்பிறப்பு அகராதிகள் குறிக்கின்றன. அச்சொல்லினின்று பெயர்பெற்ற விளையாட்டின் வரலாறு எழுதப்படும்போதோ இந்தியக் கடற்கரை கடைசி இயலுக்குத் தள்ளப்படுகிறது. ஹவாய், கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என விரியும் அவ்வரலாற்றில் தமிழகம் 21ஆம் நூற்றாண்டில்தான் நுழைகிறது. 2012இல் கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி, 2013 முதல் அங்கு நடைபெற்ற அலைச்சறுக்கு விழா, 2025இல் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டி ஆகியவை அந்நுழைவின் படிகளாகக் காட்டப்படுகின்றன.

இதற்கு மறுதலையாக, கட்டுமரத்தில் நின்று அலையேறிய பரதவர் மரபே உலகின் முதல் அலைச்சறுக்கு என்னும் பெருமிதக் கூற்றும் உண்டு. இவ்விரு கூற்றுகளும் ஒரே வகைப் பழைய படங்களையே எதிர்கொள்கின்றன. ஒன்று அவற்றைக் காணாமல் கடக்கிறது. மற்றொன்று அவற்றில் இல்லாததைக் காண்கிறது. ஆதலின் படங்களையே முதலில் படிக்க வேண்டியுள்ளது.

படங்கள் பிறந்த சூழல்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் பொதிகளும் மசூலாப் படகில் கரை சேர்ந்தனர். பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்து, உள்ளே விலாச்சட்டம் இன்றிக் கட்டப்பட்டது அப்படகு. அலை மோதும்போது அது முறியாமல் நெகிழ்ந்து கொடுத்தது. படகு செல்ல இயலாத சீற்றத்திலும் கட்டுமரம் சென்றது. கட்டுமரக்காரர்கள் ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தனர். சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் கலங்களைப் பற்றி ஜான் எடை 1834இல் வெளியிட்ட கட்டுரையும், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட ஆய்வும் இக்கலங்களின் கட்டமைப்பை விரிவாகப் பதிவு செய்துள்ளன.

மதராஸ் ஒளிப்படச் சங்கம் 1856இல் தோன்றியது. மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அவ்வாண்டில் அமர்ந்த லின்னேயஸ் டிரைப்பின் பணி பெரிதும் கோயில்களையும் கட்டடங்களையும் சார்ந்தது. இது வியப்பன்று. அக்காலத்து ஈரத்தட்டு முறையில் ஒளியேற்றத்துக்குப் பல நொடிகள் தேவைப்பட்டன. அசையாத கல் அதற்கு ஏற்ற பொருள். உடையும் அலையோ வெறும் வெண்புகையாகப் பதிந்தது. எனவே படகைப் படமெடுக்க விரும்பியவர் அதை மணலில் நிறுத்தி, துடுப்புகளுடன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்தே எடுக்க முடிந்தது. 1878க்குப் பின் உலர்தட்டுகள் வணிகப் பொருளாகப் பரவியபோது நொடியின் சிறு பகுதியிலேயே படமெடுக்க இயன்றது. அதற்குள் படகின் காலமே மாறத் தொடங்கிவிட்டது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்ப் பணி 1870களின் நடுவில் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மீண்டும் எழுந்தது. கப்பல் சுவருக்குள் வந்தபின் மசூலாப் படகின் தேவை குன்றியது. கருவி அலையைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட காலமும் அலையைக் கடந்த தொழில் மறையத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றாயின.

படம் காட்டுவதும் காட்டாததும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீலே அண்டு க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் அஞ்சலட்டைகளை வெளியிட்டபோது கட்டுமரமும் மசூலாவும் மதராஸின் அடையாளக் காட்சிகளாக அச்சேறின. இவ்வகைப் படங்களில் மூன்று பொதுக் கூறுகள் உள்ளன. முதலாவது, கேமரா கரையில் நிற்கிறது. கரைக்கு வந்து சேரும் பயணியின் அச்சமும் ஆவலும் கலந்த நோக்கே அதன் நோக்கு. அலைக்குள்ளிருந்து கரையைப் பார்க்கும் படகோட்டியின் கோணம் அதற்கு இல்லை. இரண்டாவது, படத்தில் இருப்பவர் ஆளாகவன்றி வகையாக நிற்கிறார். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஒளிப்படத் தொகுப்பு நிலைபெறச் செய்த இனவகைப் பார்வை இங்கும் தொடர்கிறது. மூன்றாவது, குறிப்பு கலத்தின் பெயரோடு முடிந்துவிடுகிறது. உலர்தட்டு வந்தபின் நீரில் மிதக்கும் கட்டுமரத்தையும் எடுக்க முடிந்தது; ஆனால் குறிப்பு எழுதும் வழக்கம் மாறவில்லை. எனவே பெயரின்மைக்குத் தொழில்நுட்பக் குறையைக் காரணம் காட்ட இயலாது. அது வாங்குவோரின் தேவையை ஒட்டி அமைந்த வழக்கம்.

இவ்விடத்தில் பெருமிதக் கூற்றையும் அளந்து பார்க்க வேண்டும். இப்படங்கள் காட்டுவது உழைப்பை. அலை எழும் இடம், உடையும் இடம், இரண்டு அலைகளுக்கிடையே கிடைக்கும் சிற்றிடைவெளி ஆகியவற்றைக் கணித்துக் கலத்தைச் செலுத்தும் அறிவு அவ்வுழைப்பின் உள்ளீடு. அலைச்சறுக்கு வீரருக்கும் வேண்டுவது அதே கணிப்புத்தான். ஆயினும் கணிப்பு ஒன்றாக இருப்பதால் செயலும் ஒன்றாகிவிடாது. மேற்காப்பிரிக்கக் கரைகளை ஆராய்ந்த கெவின் டாசன், 2018இல் வெளிவந்த தம் நூலில், அலைப்படகோட்டிகளின் தொழில்திறனையும் பலகையில் அலையேறும் விளையாட்டையும் ஒரே நீர்ப் பண்பாட்டின் இரு கிளைகளாகக் காட்டுகிறார். அவருக்கு விளையாட்டைக் கண்டெழுதிய பழைய பயணிகளின் பதிவுகள் தனியே துணைநிற்கின்றன. மதராஸ் அஞ்சலட்டைகள் அத்தகைய சான்று ஆகா. அவற்றைக் கொண்டு அலையறிவின் தொன்மையைப் பேசலாம். விளையாட்டின் தொன்மையை நிறுவ இயலாது. இவ்வரையறை இப்படங்களின் மதிப்பைக் குறைப்பதில்லை. உழைப்பின் வரலாறு விளையாட்டின் பெயரால்தான் மதிப்புப் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயருடைய அலை

ஒப்பீட்டுக்கு ஹவாயையும் கலிபோர்னியாவையும் நோக்கலாம். 1778இல் ஹவாயை அடைந்த குக்கின் பயணத்தில் உடன்சென்ற ஓவியர் ஜான் வெப்பரின் சித்திரத்தில் பலகையோடு அலையில் செல்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் பெயர் இல்லை. 1910களில் ஏ. ஆர். கர்ரி ஹோனலூலுவில் எடுத்த படங்களில் டியூக் கஹனமோகு பெயருடன் நிற்கிறார். 1929இல் டாம் பிளேக் கேமராவுக்கு நீர்புகாப் பேழை செய்து கடலுக்குள் கொண்டு சென்றார். அப்படங்கள் 1935இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளியாயின. 1946இல் ஜான் ஹீத் பால் வெளியிட்ட ‘கலிபோர்னியா சர்ஃப்ரைடர்ஸ்’ நூலில் படங்களோடு அலையேறியவர் பெயர்களும் கடற்கரைப் பெயர்களும் வருகின்றன. படமெடுத்தவர்களுள் பிளேக்கும் பாலும் தாமே அலையேறியவர்கள். பின்னாளில் அங்கு எழுந்த அலைச்சறுக்கு அருங்காட்சியகங்களின் அடித்தளம் இக்குறிப்புகளே. படம் அழகாக இருந்தமையால் மட்டும் வரலாறு பிழைக்கவில்லை. யார், எங்கே, எப்போது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை இருந்தமையால் பிழைத்தது.

கோட்டைக்குப்பம்: கல்லின் ஆவணமும் கடலின் ஆவணமும்

ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பழவேற்காட்டு மீனவ ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். பெயரில் உள்ள கோட்டை டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் அதுவே. அக்கோட்டையின் வணிகத்துக்கும் கரைக்கு அப்பால் நின்ற கப்பலை எட்டும் படகுகள் இன்றியமையாதவை.

எனினும் பழவேற்காடு ஆவணம் பெற்றது கல்லின் வழியாகவே. அலெக்சாண்டர் ரியா 1897இல் வெளியிட்ட டச்சு நினைவுச் சின்னங்கள் பற்றிய நூல் அங்குள்ள கல்லறைகளைத் துல்லியமாகப் பதிவு செய்கிறது. இறந்த டச்சுக்காரரின் பெயரும் நாளும் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. அவை நூலிலும் ஏறின. இந்தியத் தொல்லியல் துறை அக்கல்லறைகளைப் பாதுகாக்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே கலம் செலுத்தியவரின் பெயர் கல்லிலும் இல்லை. பின்வந்த படத்திலும் இல்லை.

ஆயின் இவ்வூர் ஆவணமற்ற ஊர் அன்று. ஏரியில் எந்நாளில் எவ்விடத்தில் யார் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கம் இங்கு வாழ்கிறது. நீர்ப்பரப்பை இடமாகவும் முறையாகவும் நினைவில் வகுத்து வைத்திருக்கும் அவ்வழக்கமே ஓர் ஆவணம். கச்சான், கொண்டல், வாடை எனக் காற்றுக்கும், வன்னி, தெண்டி என நீரோட்டத்துக்கும் பெயரிட்டு வழங்கும் சென்னைக் கடற்கரை மீனவரின் சொற்கள் மற்றோர் ஆவணம். பழைய அலைப்படங்களில் விடுபட்ட செய்திகளுள் ஒரு பகுதி இத்தகைய ஊர்களில் சொல்லாக எஞ்சியிருக்கிறது. அதற்கும் காலக்கெடு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் விரைந்து பற்றிக்கொண்டன. கட்டுமரத்தில் அலை கடந்தவர்கள் முதுமை எய்திவருகின்றனர்.

பாதுகாப்பு என்பது என்ன

படத்தாளைக் காப்பதில் தமிழகத்தில் முன்மாதிரி உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழிநிலை ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் துணையுடன், தமிழக ஒளிப்பட நிலையங்களின் பழைய குடும்பப் படங்களை மின்னுருவாக்கியுள்ளது. கடற்கரை ஊர்களுக்கு இத்தகைய பணி மேலும் இன்றியமையாதது. ஈரக்காற்று பூஞ்சையை வளர்க்கிறது. 1970களுக்குப் பின் வீடுகளில் பெருகிய வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களைவிட விரைந்து வெளிறுகின்றன.

மின்னுருவாக்கம் மட்டும் போதாது. பழைய குறிப்பை அவ்வாறே ஏற்றினால் பிழையும் நிலைபெறும். பழைய படங்களை மீனவ ஊர்களில் முதியோர்முன் வைத்து, கலத்தின் உறுப்பு, நிற்கும் முறை, அலையின் தன்மை ஆகியவற்றுக்கான சொற்களைப் பதிய வேண்டும். இதற்கு எழும் தடை நியாயமானது: 1900இன் மதராஸ் படகை இன்றைய கோட்டைக்குப்பத்தார் எவ்வாறு அறிவர்? தைத்த மசூலாவைச் செலுத்தியவர் இன்று அரியர், நினைவு மாறும், ஊருக்கு ஊர் சொல்லும் மாறும். இத்தடைக்கு விடை முறையியலில் உள்ளது. எடுத்தவரின் குறிப்பு, காப்பகத்தின் குறிப்பு, ஊரின் வாசிப்பு ஆகிய மூன்றும் தனித்தனி அடுக்குகளாக, நாளிட்டு, ஒன்றை ஒன்று அழிக்காமல் நிற்க வேண்டும். கூறியவர் இசைந்தால் அவர் பெயரும் இடம்பெற வேண்டும். படத்தின் படி ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இதே எச்சரிக்கை புதிய படங்களுக்கும் பொருந்தும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நாள்தோறும் கைபேசியில் எடுக்கப்படும் அலைச்சறுக்குப் படங்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஆளும் இடமும் நாளும் குறிக்கப்படாதவை, நூறாண்டுக்குப்பின் அஞ்சலட்டையைப் போன்றே ஊமையாகிவிடும்.

முடிவுரை

சோழமண்டலக் கரையின் பழைய அலைப்படங்கள் விளையாட்டின் தொடக்கச் சான்றுகள் அல்ல; அலையறிந்த உழைப்பின் சான்றுகள். அவற்றில் பெயர் இல்லாமைக்குத் தட்டின் வேகக்குறை காரணமன்று. கரையில் நின்று வகையைத் தேடிய நோக்கே காரணம். பழவேற்காட்டில் கல்லறையின் பெயர்கள் காக்கப்பட்டன. கலம் செலுத்தியோர் பெயர்கள் காக்கப்படவில்லை. அப்பெயர்கள் இனி மீளா. ஆயினும் அவர்கள் செய்த செயலுக்கான சொற்கள் இன்னும் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் பேச்சில் உள்ளன. அச்சொற்கள் படக்குறிப்பில் ஏறாதவரை காப்பகத்தில் இருப்பது படகின் படமே. அலையின் வரலாறு அன்று.