பதினொரு மாடியும் ஒரு பெயர்ப்பலகையும்

உரும்பிராயில் படிப்பிக்கும் எனக்கு யாழ்ப்பாணப் பட்டணம் பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம். கோண்டாவில், திருநெல்வேலி, கந்தர்மடம் தாண்டி இறங்கிப் பொது நூலகப் பக்கம் நடந்தால், பனைக்கும் கோயில் கோபுரத்துக்கும் பள்ளி மினாராவுக்கும் பழகிய கண்ணுக்குப் புதிதாக ஒன்று படும். நூலகத்துக்கு அண்டையில், புல்லுக்குளத்து ஓரத்தில் எழும்பியிருக்கும் கலாசார மத்திய நிலையத்தின் பதினொரு மாடிக் கோபுரம் அது. ஒருநாள் வகுப்பில் ஒரு பொடியன் கேட்டான்: "சேர், உதுக்குள்ள என்ன கிடக்கு? எங்களை மேல ஏற விடுவினமோ?" கட்டட விமர்சனம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. இந்த இரண்டு கேள்வியும் போதும்.

முதலில் விபரம். இந்தியாவின் நன்கொடையில் எழுந்த கட்டடம் இது. 2015 மார்ச் 14ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்த பிரதமர் மோடி அடிக்கல் வைத்தார். 2022 மார்ச்சில் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபடி இணையவழியில் திறந்துவைத்தார். 2023 பெப்ரவரி 11ஆம் திகதி ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மக்களிடம் கையளித்தார். 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, இரண்டு தளத்தில் அருங்காட்சியகம், கல்விக்கென்று பதினொரு மாடி, வெளியே பொதுச் சதுக்கம். பொடியனின் முதல் கேள்விக்கு இவ்வளவும் பதில்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடங்களை உயர்த்துவதில் போட்டி போடுவது கியாமத்தின் அடையாளங்களில் ஒன்று என்ற ஹதீஸை எங்கள் பெரியவர் ஒருவர் ஞாபகப்படுத்தினார். அந்த எச்சரிக்கை போட்டிக்கும் பெருமைக்கும் உரியது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். கொழும்பில் பதினொரு மாடியை யாரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். இங்கே அது உயரமாகத் தெரிவதற்குக் காரணம், முப்பது வருஷ யுத்தத்தில் இந்தப் பட்டணம் மேலே வளராமல் கிடந்ததுதான். ஆகவே உயரத்தை விட்டுவிட்டு, யாருக்கு இது அடையாளம் என்று கேட்பதே பொருத்தம்.

அடையாளக் கட்டடங்கள் இரண்டு வகை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1959இல் திறக்கப்பட்ட பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் ஒரு வகை. கிராமத்தில் இருந்து பட்டணம் வந்தவன் அதை அண்ணாந்து பார்ப்பதைத் தமிழ்ச் சினிமா எத்தனையோ தரம் காட்டியது. உள்ளே காப்புறுதிக் கந்தோர். பார்க்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை. அது சென்னை என்று சொல்லிவிட்டால் அதன் கடமை முடிந்தது. அதே 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மற்ற வகை. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தது. அதன் அழகுக்காக மட்டும் சனம் அதை நேசிக்கவில்லை, உள்ளே போய் இருந்து வாசித்ததால் நேசித்தது. 1981இல் அதை எரித்தபோது 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். அந்த ஓலைச்சுவடிகளைத் திரும்ப எழுத முடியாது. புதிய கோபுரம் இந்த இரண்டில் எந்த வகையாகப் போகிறது என்பதுதான் விஷயம்.

அது நிற்கும் நிலமோ வெறும் நிலமல்ல. கூப்பிடு தூரத்தில் வீரசிங்கம் மண்டபம். 1974 ஜனவரி 10ஆம் திகதி இரவு, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசிக் கூட்டம் அந்த மண்டபத்தின் முன்றலில் நடந்தது. பொலிஸார் புகுந்தார்கள், சூடு வைத்தார்கள், மின்கம்பி அறுந்து விழுந்தது, சனம் செத்தது. உரும்பிராயில் சிலையாக நிற்கும் பொன். சிவகுமாரனின் கதையும் அந்த இரவோடு பிணைந்ததுதான். இதெல்லாம் யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: பொலிஸ் வந்த நேரம் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் திருச்சிப் பேராசிரியர் நைனா முகம்மது. தமிழரின் துயரம் என்று நினைவுகூரப்படும் அந்த இரவில், சபை கேட்டுக்கொண்டிருந்தது ஒரு முஸ்லிமின் தமிழை. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். 2025 ஜனவரி 18ஆம் திகதி இந்த நிலையத்துக்கு 'திருவள்ளுவர் கலாசார மையம்' என்று பெயர் வைத்தார்கள். உடனே எதிர்ப்பு எழுந்தது. வள்ளுவரோடு ஒருவருக்கும் கோபமில்லை. 'யாழ்ப்பாணம்' என்ற சொல் காணாமல்போனதுதான் மனத்தாங்கல். சில நாட்களில் 'யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்' ஆயிற்று. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பெயரும் சம்மதம். எந்தச் சமயத்தானும் உரிமை கொண்டாடக்கூடிய நூல் குறள். ஆனால் ஊர்ப்பெயருக்காகச் சனம் எழும்பியபோது, நான் உள்ளுக்குள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல்லை எங்களிடம் இருந்து ஒருதரம் எடுத்தார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெருவில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் நாங்கள் 'யாழ்ப்பாணத்து அகதி'. திரும்பி வந்த பிறகு இங்கே 'புத்தளத்தால வந்த ஆக்கள்'. பெயர்ப்பலகையில் 'யாழ்ப்பாணம்' திரும்பி வந்தது நல்லது. அந்தச் சொல்லுக்குள் நாங்களும் இருக்கிறோமா என்பதைப் பலகை சொல்லாது. அந்த இரண்டு தள அருங்காட்சியகம்தான் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தின் கதையைச் சொல்லும் எந்த அருங்காட்சியகத்திலும் முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவருக்கு ஒரு சுவர் வேண்டும். அசனாலெப்பைப் புலவருக்கு வேண்டும். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸுக்கு வேண்டும். 1990க்கும் ஒரு மூலை வேண்டும். அதைக் குற்றச்சாட்டுப் பத்திரமாக வைக்கவேண்டாம், நடந்ததாக வைத்தாலே போதும். பக்கத்து நூலகத்தின் எரிப்பை எப்படி நினைவில் வைத்திருக்கிறோமோ அப்படி.

குறையை மற்றவர் தலையில் மட்டும் போடவும் முடியாது. அப்படி ஒரு சுவர் தந்தால் அதில் தொங்கவிட எங்களிடம் என்ன இருக்கிறது? எங்கள் புலவர்களின் பழைய அச்சுப் பிரதிகள் யார் வீட்டில் கிடக்கின்றன? சோனகத் தெருவில் எந்தக் கடை எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு வரைபடமாவது போட்டோமா? வருஷா வருஷம் ஒக்டோபரில் கூட்டம் வைக்கிறோம், கட்டுரை வாசிக்கிறோம், தேத்தண்ணி குடித்துக் கலைகிறோம். கேட்பதற்கு முன்னால் சேகரிக்கவேண்டும். இந்தச் சஞ்சிகை வாசகர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் அதுதான்.

என் பங்குக்கு ஒன்று இருக்கிறது. வாப்பா பட்டணத்தில் தையல் கடை வைத்திருந்தவர். வெளியேறிய அன்று உம்மா உடுப்புப் பையோடு எடுத்துவந்தது அவருடைய அளவுக் கொப்பி. கடன் நிலுவை அதில் இருந்ததால் எடுத்தாராம். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்கள்: நல்லூர் மாஸ்டர், குருநகர் அந்தோனி, ஐந்து சந்தி ஹாஜியார், அவரவர் தோள் அளவு, கை நீளம், தரவேண்டிய மிச்சக் காசு. ஒரு பட்டணம் ஒன்றாக இருந்ததற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அதுதான். அதைக் கோபுரத்துக்குக் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டேன். உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "குடு மகன். ஆனா மேல் மாடியில வைக்க வேணாமெண்டு சொல்லு. எனக்கு ஏறேலாது, வந்து பாக்கோணும்."

பொடியனின் இரண்டாவது கேள்வியும் அதுதானே.