இரண்டு ஊர் மாஸ்டர்கள்

"உங்க ஊர்ல ட்ராஃபிக்கே கிடையாது. அங்க எதுக்கு அத்தை மறுபடியும் டிரைவிங் கிளாஸ்?" என்று சிரித்தான், திருச்சியில் வளர்ந்த என் தம்பி மகன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்திருந்தால் மாமி என்று கூப்பிட்டிருப்பான், அது போகட்டும். லைசென்ஸ் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு, கை வழக்கம் விட்டுப்போய், திரும்பப் பழகப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் அவர்களில் நானும் ஒருத்தி. அங்கே பார்த்தது பெரும்பாலும் பின்சீற்றிலிருந்து.

சட்டத்தில் இந்தியாதான் முன்னுக்கு நிற்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சிமியுலேட்டரும் தனி ஓடுபாதையும் இருக்கவேண்டும். சின்ன வாகனத்துக்கு 29 மணித்தியாலம், அதில் 8 வகுப்பறையில். முடித்தவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டத் தேவையில்லை. பழையபடி பழக வருகிறவர்களுக்கும் அங்கே வகுப்பு எடுக்கலாம் என்று விதியே சொல்கிறது. எங்களிடம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். கிளட்ச் எந்தக் காலுக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆனால் திருச்சித் தெருவில் நான் கண்ட வகுப்பு வேறு. கிளட்சும் பிரேக்கும் மாஸ்டரின் காலடியில். பழகவந்த அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஹாரன் அடிங்க, அடிங்க" என்ற கட்டளைக்கு அடித்துக்கொண்டிருந்தார். கார் ஓடியது, ஓட்டியது யார் என்பதுதான் கேள்வி. எங்கள் 'லேணேர்ஸ்' கார்களிலும் அந்த இரட்டைப் பெடல் உண்டுதான். என் மாஸ்டர் அதில் கால் வைத்ததை நான் அதிகம் காணவில்லை. எஞ்சின் நின்றால் நிற்கட்டும் என்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

சொற்களும் வேறு. அங்கே எல்.எல்.ஆர்., டெஸ்ட், மோட்டார்சைக்கிளுக்கு எட்டு போடுவது. இங்கே லேணேர்ஸ், பிறகு ட்ரயல். அவர்கள் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள், நாங்கள் பழகுகிறோம். அந்தத் திருச்சி மாஸ்டரிடம் கட்டணம் விசாரித்தேன். பதிலுக்கு அவர் கேட்டது: "நீங்க மலையாளமா?"

ட்ராஃபிக் இல்லை என்ற கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் காங்கேசன்துறை வீதியில் சைக்கிள்கள் நான்கு வரிசையாக வரும். இருட்டில் லைட் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு ஒழுங்கையிலிருந்து எட்டிப் பார்க்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலும் சுவிஸிலும் வலப்பக்கம் ஓடிப் பழகியவர்கள் வாடகைக் காரோடு இறங்குவார்கள். அவர்களில் புத்தியுள்ளவர்கள் முதலில் ஒரு மாஸ்டரைப் பக்கத்தில் இருத்தி இரண்டு சுற்று ஓடிப் பார்ப்பார்கள். மஞ்சள் கடவையில் ஆள் கால் வைத்தால் இங்கே வாகனம் நிற்கும். திருச்சியில் நான் வீதியைக் கடந்தது கடவுள் துணையால்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ரயில். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி மறுபடி வந்தது. இடையில் இங்கே லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ரயில் கடவை என்பது புத்தகத்தில் ஒரு படம். தண்டவாளமே கழற்றப்பட்டுப் போயிருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது காபுரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டிய சூரர்களும் இதில் அடக்கம். எஞ்சினை நிற்பாட்டினால் திரும்ப எடுக்கப் பெற்றோல் வேண்டுமே என்று, எங்கேயும் நிற்காமல் ஊர்ந்தே பழகிய கால்கள் அவை. அந்தக் கால்களைத்தான் மாஸ்டர் கேற் இல்லாத கடவைக்குக் கூட்டிப்போகிறார். முழுதாக நிற்பாட்டு, பாட்டை நிற்பாட்டு, கண்ணாடியை இறக்கு, இரண்டு பக்கமும் பார், முதலாம் கியரிலேயே கடந்து போ, நடுவில் கியர் மாற்றாதே. எந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்தும் அவர் இதைச் சொல்வதில்லை. கடவைகளில் செத்தவர்களின் கணக்கு அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒரே கடவையை எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்.

சட்டப் புத்தகத்தில் எங்களுக்கும் இந்தியாவைப் போல, திரும்பப் பழகுகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு வந்தால் வரவேற்கிறேன். சிமியுலேட்டரும் வரட்டும். ஆனால் அந்தத் திரையில் பளைப் பக்கத்து வீதியைக் காட்டுவதென்றால், குறுக்கே படுத்திருக்கும் மாட்டையும் சேர்த்துக் காட்டவேண்டும்.