கடைசி வரியிலிருந்து படியுங்கள்

பைத்தான் நிரல்மொழியில் பிழைச்செய்தி கொட்டியதும் புதியவர்கள் முதல் வரியிலேயே மிரண்டுவிடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது கடைசி வரியை. என்ன கோளாறு என்பது அங்கேதான் இருக்கும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பதெல்லாம் அதற்கு மேலே.

எடுத்துக்காட்டாக, 'இன்புட்' கட்டளையால் வயதைக் கேட்டு வாங்கி அதோடு 1 கூட்டினால், கடைசி வரியில் 'டைப்எரர்' என்ற வகைப்பிழை வரும். இன்புட் தருவது எண்ணல்ல, எழுத்துச்சரம். இன்ட் போட்டு மாற்றினால் தீர்ந்தது. 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, 'பிரின்ட்'டில் ஓர் எழுத்து விட்டுப்போனால் 'இதுவா நினைத்தீர்கள்?' என்று பைத்தானே கேட்கிறது. 2022-இல் வந்த 3.11, வரிக்குள் இடறிய துண்டுக்கு அடியில் குறியும் இடுகிறது. திட்டாமல் திருத்தும் வாத்தியார்!

சத்தம் போடாத பிழைகள்தான் பொல்லாதவை. இன்புட்டில் வாங்கிய இரண்டு 5-களைக் கூட்டி 55 என்று காட்டும்போது பைத்தான் எச்சரிப்பதில்லை. அங்கே நம் கண்தான் காவல்.