கைக்கிளையிலிருந்து பெருந்திணைக்கு: ஜூனோ டியாஸின் ‘ஆஸ்கர் வா’ நாவல்

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் இழந்த தாய்நாடு, பிளவுண்ட மொழி, தலைமுறை முரண் ஆகிய மூன்றும் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. காதல் அவ்வாய்வுகளில் பெரும்பாலும் கிளைக்கதையாகவே ஒதுக்கப்படுகிறது. டொமினிக்கன் குடியரசில் 1968இல் பிறந்து, ஆறு வயதில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஜூனோ டியாஸ் 2007இல் வெளியிட்ட ‘ஆஸ்கர் வாவின் குறுகிய வியத்தகு வாழ்க்கை’ என்னும் ஆங்கில நாவல் இவ்வொதுக்கலைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. 2008ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்ற இந்நாவல் அதன் மொழிக்கலப்புக்காகவும் நீண்ட அடிக்குறிப்புகளுக்காகவும் பரவலாகப் பாராட்டப்பட்டது. அப்பாராட்டு தகும். எனினும் நாவலின் உயிர்நிலை ஒரு பருத்த இளைஞனின் ஈடேறாக் காதலில் இருக்கிறது என்பது போதிய அளவு உணரப்படவில்லை.

பாட்டர்சன் நகரில் தாய் பெலி, தமக்கை லோலா ஆகியோருடன் வாழும் ஆஸ்கர், அறிவியல் புனைகதைகளிலும் சித்திரக் கதைகளிலும் மூழ்கியவன். ஏழு வயதில் இரு சிறுமியரின் அன்பை ஒருங்கே பெற்ற அவனுக்கு அதன்பின் எந்தப் பெண்ணும் செவிசாய்ப்பதில்லை. டொமினிக்கன் ஆண் என்றால் பெண்களை வெல்பவன் என்ற எதிர்பார்ப்பு நிலவும் சமூகத்தில் அவன் ஆணாகவே கணிக்கப்படுவதில்லை. கல்லூரியில், மாறுவேடத்தில் வந்த அவனைப் பார்த்து ஆஸ்கர் வைல்டைப் போல் இருப்பதாக அறைத்தோழன் யூனியர் கேலி செய்ய, அப்பெயரை மற்றொருவன் திரித்து உச்சரித்ததே ‘வா’ ஆயிற்று. இழிவுக்காக இட்ட பெயருக்கு அவன் சிறிது காலத்திலேயே மறுமொழி கூறத் தொடங்கிவிடுகிறான். புலம்பெயர்ந்த மகனின் நிலையை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

தொல்காப்பியம் கூறும் கைக்கிளைத் தலைவன், எதிர்மொழி பெறாத நிலையிலும் தானே சொல்லிச் சொல்லி இன்புறுபவன். ஆனா, ஜென்னி என ஒவ்வொரு பெண்ணிடமும் ஆஸ்கர் இந்நிலையிலேயே நிற்கிறான். ஆனால் இப்பொருத்தம் இத்துடன் முடிவதில்லை. நாவலின் இறுதிப்பகுதியில் சாண்டோ டொமிங்கோவுக்குச் செல்லும் அவன், தன்னினும் மூத்தவளும் பரத்தைத் தொழிலிலிருந்து ஏறத்தாழ ஓய்ந்தவளுமான இபோன் என்பவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளுடைய காதலன் காவல்துறைத் தலைவன். அவன் ஆட்கள் அடித்து நொறுக்கிய பின்னரும், அமெரிக்காவுக்கு மீண்ட ஆஸ்கர் மறுபடியும் திரும்பிச் சென்று, 27 நாள் அவள் வாயிலைச் சுற்றி வருகிறான். மடலேறுதல், இளமை தீர்திறம், தெளிவிழந்து மிக்க காமம் எனப் பெருந்திணைக்குச் சொல்லப்பட்ட கூறுகள் இங்கே ஏறக்குறைய முழுமையாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. ஐந்திணையைத் தொடாமலேயே கைக்கிளையிலிருந்து பெருந்திணைக்குக் கடந்துவிட்டவன் ஆஸ்கர்.

இவ்வொப்பீட்டை வெறும் பெயர்ப்பொருத்தமாகக் கொள்ள வேண்டியதில்லை. இவ்விரு திணைகளும் அடியோர்க்கும் வினைவலர்க்கும் உரியன என்பது உரையாசிரியர் கொள்கை. தன் பொழுதும் உடலும் தனக்கு உரியனவல்லாதவனுக்கு ஒத்த அன்பின் ஒழுக்கம் வாய்ப்பதில்லை என்பது அதன் உட்கிடை எனலாம். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் எழுந்த கரும்புத் தோட்டங்களே இந்நாவலில் ஆஸ்கரின் கொலைக்களம். அவன் தாய் பெலியும் பல்லாண்டுகளுக்கு முன் அத்தகைய கரும்புக் காட்டில்தான் சாகும் அளவுக்கு அடிக்கப்பட்டாள். அவள் செய்த குற்றமும் காதலே. அவள் காதலித்தவன் சர்வாதிகாரி துருஹியோவின் தங்கை கணவன் என்பது அவளுக்குத் தெரியாது.

1930 முதல் 1961இல் சுட்டுக் கொல்லப்படும் வரை டொமினிக்கன் குடியரசைத் தன் பிடியில் வைத்திருந்த ரஃபாயெல் துருஹியோ, 1937இல் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி மக்களைக் கொல்லச் செய்தவர். நாவலில் பெலியின் தந்தையும் மருத்துவருமான அபெலார்ட் சிறைப்பட்டுக் குடும்பம் சிதைந்ததற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. அழகிய மூத்த மகளைத் துருஹியோவின் கண்ணில் படாமல் மறைத்தார். நண்பர்களிடையே துருஹியோவைப் பற்றி நகைச்சுவையாக ஏதோ சொல்லிவிட்டார். அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எது உண்மை என்று கதைசொல்லி தீர்த்துரைப்பதில்லை. அபெலார்ட் எழுதியதாகச் சொல்லப்படும் நூலின் ஒரு பக்கமும் எஞ்சவில்லை. இக்குடும்பத்தைத் தொடர்வதாகக் கூறப்படும் ‘ஃபுக்கூ’ என்னும் சாபத்தை மாய யதார்த்தத்தின் பாற்படுத்திவிடுவது எளிது. அவ்வாறு செய்தால், ஆவணமற்றுப் போன கொடுமையைத் தலைமுறைகள் நினைவில் வைத்துக்கொள்ளும் வழியே இச்சாபம் என்பது நழுவிவிடும்.

இங்குதான் கதைசொல்லியைப் பற்றிய ஐயம் எழுகிறது. கதையைச் சொல்பவன் யூனியர். லோலாவைக் காதலித்து, அவளுக்கு உண்மையாயிராமல் அவளை இழந்தவன். ஆஸ்கரிடம் இல்லாத ‘ஆண்மை’ அனைத்தும் அவனிடம் உண்டு. ஆஸ்கரை மெலிய வைக்க ஓட்டப் பயிற்சி தந்தவனும், அவன் மறுத்தபோது தள்ளிவிட்டவனும் அவனே. சர்வாதிகாரியைச் சாடும் அடிக்குறிப்புகளை எழுதுபவன், பிறர் வாழ்வனைத்தையும் தன் ஒரே குரலுக்குள் அடக்குகிறான். தன் வாயால் பேசும் வாய்ப்பு லோலாவுக்குச் சில பக்கங்களில் கிடைக்கிறது. இபோனுக்கோ அதுவும் இல்லை. அவள் ஆஸ்கரை விரும்பினாளா, அவன் பிடிவாதத்துக்கு அஞ்சினாளா என்பதை அவள் வாயிலாக அறிய வழியில்லை. கைக்கிளையைப் பாடும் மரபில் தலைவியின் மௌனம் இயல்பு. 2007இன் நாவல் அம்மௌனத்தைக் கேள்வியின்றி ஏற்பது அதன் குறையே. டியாஸ் இதனை அறிந்தே செய்தார், யூனியரின் குறையை அம்பலப்படுத்தவே செய்தார் என்று வாதிடலாம். ஆனால் அறிந்து விட்ட இடைவெளியும் இடைவெளிதான்.

முடிவுப் பகுதி மேலும் சிக்கலானது. ஆஸ்கர் இறந்து மாதங்கள் கழித்து வந்து சேரும் கடிதம், அவன் இபோனுடன் சில நாள் கழித்ததாகவும், கூடலினும் அதன்பின் வாய்த்த சிறு சிறு நெருக்கங்களே தன்னை வியக்க வைத்ததாகவும் கூறுகிறது. இப்பகுதியின் மென்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் தீராத ஐயம் ஒன்று எஞ்சுகிறது: டொமினிக்கன் ஆண் எவனும் கன்னிமை கழியாமல் இறப்பதில்லை என்ற ஊர்வழக்குக்கு நாவல் கடைசியில் பணிந்துவிட்டதா? கூடல் நிகழாமலே ஆஸ்கர் இறந்திருந்தால் அவ்வழக்கு முறிந்திருக்கும். நண்பனுக்கு யூனியர் அளித்த ஈமக் கொடையாகவே இக்கடிதத்தைக் கொள்வோர்க்கும் நாவலில் இடமுண்டு.

கொலைக்காட்சியை நேரில் கண்டவன் யூனியர் அல்லன். எனினும் நாவலின் மிகக் கூரிய பகுதி அதுவே. கரும்புக் காட்டில் ஆஸ்கர் தன் காதலைப் பற்றி ஸ்பானிய மொழியில் பேசுகிறான். அம்மொழி அன்றைக்குப் பிழையின்றி அவன் வாயில் வருகிறது. கொல்ல வந்தவர்கள் முடியும் வரை கேட்கிறார்கள். பின்னர், ‘ஃபுவேகோ’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் எனக் கேட்டு, சொன்னால் விட்டுவிடுவதாகக் கூறுகிறார்கள். அவன் தன்னையறியாமல் ‘ஃபயர்’ என்கிறான். தீ என்றும் சுடு என்றும் பொருள்படும் அச்சொல்லே தன்மீதான ஆணையாகிவிடுகிறது. வாழ்நாள் முழுதும் இரு மொழிகளுக்கிடையே அல்லற்பட்டவனைக் கடைசியில் கொல்வது சரியான ஒரு மொழிபெயர்ப்பு. மொழிக்கலப்பைக் கொண்டாட்டமாக மட்டும் வாசிக்கும் திறனாய்வுகள் இக்காட்சியின் முன் தடுமாறாமல் இருக்க முடியாது.

ஆஸ்கர் அனுப்புவதாகச் சொன்ன இரண்டாம் பொதி, இக்குடும்பத்தின் நோய்க்கு மருந்தாகும் எழுத்து அதில் உள்ளதென அவன் குறித்திருந்த பொதி, வந்து சேரவேயில்லை. பாட்டன் நூலைப் போலவே பேரன் நூலும் மறைந்துபோயிற்று. எஞ்சிய அவன் தாள்களை யூனியர் நான்கு குளிர்சாதனப் பெட்டிகளில் அடைத்து, லோலாவின் மகள் என்றேனும் வந்து கேட்பாள் எனக் காத்து வைத்திருக்கிறான்.