வாலில் இருக்கிறது நயம்

யோகா வகுப்பில் பஞ்சகோசம், அதாவது ஐந்து உறைகள், என்றதும் பலகையில் ஐந்து வட்டங்கள் விழும். வெளியே அன்னமயம், அதற்குள் பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், நடுவில் ஆனந்தமயம். வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு உள்ளே போகச் சொல்வார்கள். இதற்கெல்லாம் மூலமான தைத்திரீய உபநிடதத்தின் ஆனந்தவல்லியில் வட்டமும் இல்லை, உரிப்பதும் இல்லை. அங்கே இருப்பவை ஐந்து பறவைகள். ஒவ்வொன்றுக்கும் தலை, வலச்சிறகு, இடச்சிறகு, உடல், வால்.

இந்த உபநிடதம் கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்தது. அந்த வேதம் விவரிக்கும் அக்னிசயன வேள்வியில் செங்கற்களை ஐந்து அடுக்காக அடுக்கிப் பறவை வடிவில் மேடை கட்டுவார்கள். 1975-இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய அதிராத்திர வேள்வியிலும் அப்படித்தான் கட்டினார்கள். ஐந்தடுக்குப் பறவையைக் கையால் கட்டிப் பழகிய மரபு, மனிதனையும் அதே வார்ப்பில் பார்த்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

முதல் பறவை அன்னத்தால் ஆன உடம்பு. இதன் உறுப்புகளுக்குப் பெயரே கிடையாது. தலை எது என்றால் ‘இது’, சிறகு எது என்றால் ‘இது’. எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு ஆசிரியர் தம் உடம்பையே தொட்டுக் காட்டுகிறார். எழுத்தில் படிக்கும்போதும் அந்த விரல் தெரிகிறது. மனிதனுக்கு ஏது வால்? தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதி என்கிறார் உரை எழுதிய சங்கரர். ஐந்து பறவைகளிலும் வாலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு: பறவை நிலைகொள்ளும் ஆதாரம் அது.

இரண்டாவது பறவையில் விரலுக்கு வேலை இல்லை. மூச்சைத் தொட்டுக் காட்ட முடியாதே! பெயர்கள் வருகின்றன. பிராணன் தலை, வியானனும் அபானனும் சிறகுகள், ஆகாயம் உடல், பூமி வால். உடல் ஆகாயம், ஆதாரம் பூமி! பூமி பிடித்துக்கொள்ளாவிட்டால் உடம்பு மேலே கிளம்பிவிடும், இல்லையேல் தன் பாரத்தால் விழுந்துவிடும் என்பது சங்கரர் தரும் விளக்கம். மூன்றாவதான மனப்பறவைக்கு யஜுர் தலை, ரிக்கும் சாமமும் சிறகுகள். ஓதி ஓதியே மனம் உருவாகும் உலகம் அது.

நான்காவதான அறிவுப் பறவையில்தான் யோகம் வருகிறது. சிரத்தை தலை, ருதமும் சத்தியமும் சிறகுகள், யோகம் நடு உடல். இரண்டு சிறகுகளையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அதுதான். யோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

ஐந்தாவது ஆனந்தப் பறவை. பிரியம் தலை, மோதமும் பிரமோதமும் சிறகுகள். வேண்டியவரைக் கண்டதும் பிறப்பது பிரியம், கிட்டியதும் வருவது மோதம், அது முற்றினால் பிரமோதம். மகிழ்ச்சியை இத்தனை நுட்பமாகப் பிரித்துவிட்டு, வாலில் கொண்டுபோய்ப் பிரம்மத்தை வைக்கிறது உபநிடதம். தலையில் வைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆதாரம் வாலில்தானே இருக்கிறது!

இந்த வாலை வைத்துத்தான் வேதாந்தத்தில் பெரிய வழக்கே நடந்தது. ஆதாரமாகச் சொல்லப்பட்டதே பிரம்மம், ஆகவே ஆனந்தமயமும் ஓர் உறைதான் என்றார் சங்கரர். இல்லை, ஆனந்தமயனே பரம்பொருள் என்றார் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். ஒரு பறவையின் வாலில் இரண்டு தரிசனங்கள் பிரிகின்றன.

எந்தக் கட்சியில் நின்றாலும் ஒன்று தெளிவு. உள்ளே இருப்பது வெளியே இருப்பதை நிறைக்கிறது என்று ஒவ்வொரு பறவைக்கும் மறக்காமல் சொல்கிறது நூல். நிறைந்திருப்பதை உரித்துப் போட முடியாது. அதனால்தான் அடுத்த பகுதியான பிருகுவல்லி ஆனந்தம் வரை ஏறிய பிறகும் சோற்றுக்கே திரும்புகிறது: அன்னத்தைப் பழிக்காதே, ஒதுக்காதே, பெருக்கு; வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே.